ஒரு பைப்புக்கு ஒரு புகையிலை, ஒரு கடைக்கு ஒரு மூக்கு

எந்தப் புகையிலைக்கு எந்தப் பைப்புன்னு பொருத்திக் குடுக்கற தொழில்ல கையும் கண்ணும் கால்வாசிதானுங்க, மிச்சம் முக்கால்வாசியும் மூக்கு. அந்த மூக்கே போயிருச்சுன்னா கடைக்காரன் என்ன பண்ணுவான்? நான் பண்ணுன கூத்தைத்தான் சொல்லப்போறேன். கடை வெச்சு வாடிக்கைக்காரங்க மூஞ்சியைப் பார்த்தே வயசானவங்க, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒரு நாளாவது தலையாட்டினவங்க, எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

பனியன் ஊர்ல பைப் கடை எதுக்குன்னு கேப்பீங்க. அரை இஞ்சு எல்போ இருக்குதான்னு கேட்டு உள்ள வந்தவங்களும் உண்டு. இது வாயில வெச்சுப் புடிக்கற பைப்புங்க. நம்ம ஊர்க்காரங்க வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போறாங்க, அங்க துணி வாங்க வந்த பயர் ஒருத்தர் பைப்பை வாயில வெச்சுட்டு நிதானமாத் துணியைத் தடவிப் பார்க்கறதைப் பார்க்கறாங்க. ஆர்டர் வருதோ இல்லியோ, அந்தப் பழக்கம் வந்துருது. நானும் அப்படித்தான். பயிங் ஆபீஸ்ல துணி செக்கிங் பண்ணிட்டிருந்தவன், பைப்பு மேல வந்த பைத்தியத்துல வேலையை விட்டுட்டு, பேனா, பர்ஸ், லைட்டர் விக்கற பரிசுக் கடை ஒண்ணு போட்டேன். பின்னாடி ஒரு கண்ணாடி பீரோ. அதுல பைப்புங்க. பக்கத்துல வரிசையா ஊறுகாய் ஜாடி. மூடியில பேர் ஒட்டியிருக்கும். உள்ள இருக்கறது விக்கறதுக்கில்லீங்க, மோந்து பார்க்கறதுக்கு. புடிச்சிருந்தா சீல் போட்ட டப்பா தருவேன். ஜாடி எல்லாமே என்ற ஊட்டுக்காரி சாந்தாமணியோடது. அவளுக்கு என்ற மேல இருக்கற கோவத்துல பாதி அந்த ஜாடிக் கோவம்.

சோளக்கட்டை

உடுமலைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் வந்தாருங்க. மருமகன் வெளிநாட்டுல இருந்து வெனிலா வாசத்துப் புகையிலை டப்பா ஒண்ணு அனுப்பியிருக்காரு, பைப் அனுப்ப மறந்துட்டாரு. டப்பாவைத் தொறந்து பார்த்தேன். நல்ல ஈரம், நல்ல இனிப்பு. இந்த மாதிரிப் புகையிலையை வேர்க்கட்டைப் பைப்புல போட்டா, பழகாதவங்களுக்குச் சளி புடிச்ச மாதிரி கொளகொளன்னு சத்தம் வரும், நாக்கும் வெந்துரும். இதுக்குச் சோளக்கட்டைப் பைப்புதான் சரி. அது ஈரத்தைக் குடிச்சுக்கும்.

எடுத்துக் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது என்னதுங்க?" "மக்காச்சோளக் கருதுல மணியை எடுத்துட்டா மிஞ்சற கட்டைங்க." வெலையைச் சொன்னேன். மனுசன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. கோழித்தீவனத்துக்குச் சோளம் அடிச்சுட்டு அந்தக் கட்டையை வருசத்துக்கு ரெண்டு லோடு அடுப்புல வெக்கறவருங்க அவரு. ஆனாலும் மறுபேச்சில்லாம வாங்கிட்டுப் போனாரு. அடுத்த மாசம் டப்பா தீர்ந்துபோய்த் திரும்பி வந்தாரு. தோள்ல ஒரு சாக்கு. கடை நடுவுல எறக்கி வெச்சுட்டுச் சொன்னாரு:

"உங்களுக்கு வேணுங்கறதைப் பொறுக்கி எடுத்துக்கங்ணா, எனக்கு அந்த வெனிலா டப்பா ஒண்ணு குடுத்தாப் போதுமுங்க."

கறுப்பு ஓடின மெஷின்

அடுத்து வர்றவர் சாயப்பட்டறை மொதலாளி. பேரைப் பழனிசாமின்னு வெச்சுக்கங்க. இந்த ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஏதோ ஒரு பழனிசாமி மேலதான் விழும், அதனால யாருன்னு கண்டுபுடிக்க முடியாது. அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன்.

மூணு தினுசுப் புகையிலையையும் ஒரே ஒரு பைப்பையும் கொண்டாந்து வெச்சாரு. மூணுக்கும் இது போதுமான்னு கேட்டாரு. இந்த எடத்துலதாங்க எனக்கு எப்பவும் தொண்டைத்தண்ணி வத்தும். ஒரு பைப்புக்கு ஒரு வகைப் புகையிலைதான். வேர்க்கட்டை புகையை உறிஞ்சி வெச்சுக்கும். வெறகுப் புகையில வாட்டின கறுப்புப் புகையிலையை ஒரு தடவை போட்டீங்கன்னா, அப்பறம் பத்து நாளைக்கு எதைப் போட்டாலும் அந்தக் கறுப்பு வாசம்தான் முன்னால வந்து நிக்கும். இதைச் சொன்னா, சரக்கு விக்கறதுக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க. பழனிசாமி என்னை முடிக்கவே விடலை. "நிறுத்துங்ணா. கறுப்பு ஓட்டின மெஷின்ல அடுத்த லாட்டே வெள்ளை ஓட்டினா என்ன ஆகும்னு எனக்கே சொல்றீங்களா?" அப்படீன்னுட்டு மேல ரெண்டு பைப் எடுக்கச் சொன்னாரு. அழுத்தின பட்டைப் புகையிலைக்கு ஆழமான குறுகல் குழி, வாட்டின புகையிலைக்கு அகலமான குழி, மூணாவதுக்கு அவர் கொண்டாந்ததே சரியா இருந்துச்சு. பட்டறையில வெள்ளை, வெளிர், அடர்த்தின்னு வரிசை போட்டு ஓட்டற மாதிரியே, காலையில லேசானதுல ஆரம்பிச்சு அந்திக்குக் கறுப்புல முடிக்கறதுன்னு அவரே திட்டமும் போட்டுக்கிட்டாரு. படியில எறங்கினவர் திரும்பி வந்து கேட்டாரு:

"ஏனுங்ணா, நடுவுல என்ற வாயை ஒரு வாஷ் ஓட்டணுமுங்களா?"

பால் தீஞ்ச நாள்

போன ஆனி மாசம் காய்ச்சல் வந்துச்சுங்க. ஒரு வாரத்துல போயிருச்சு. போகும்போது மூக்கையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போனது எனக்குத் தெரியலை. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தேன். பால் பொங்கி, வத்தி, தீஞ்சு, பாத்திரமே கறுத்துப் போச்சு. மேல் மாடியில துணி காயப்போட்டுட்டிருந்த சாந்தாமணி மூக்கைப் புடிச்சுட்டு எறங்கி வந்தா. நான் விளையாட்டுச் செய்தி படிச்சுட்டிருக்கறேன்.

கடைக்கு ஓடினேன். இருக்கறதுலயே முரட்டு வாசம் அடிக்கற அந்த வாட்டின புகையிலை ஜாடியைத் தொறந்தேன். எப்பவும் மூடியை அசைச்சாலே வாசப்படி வரைக்கும் அடிக்கும். ஒண்ணுமே இல்லீங்க. தண்ணிக் குடத்துக்குள்ள மூஞ்சியை விட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பி வர்ற வழியில, துணியைச் சூடு காட்டி அழுத்திக் குடுக்கற காம்பாக்டிங் பட்டறை. அதைத் தாண்டும்போது சூடா ஒரு பனியன் துணி வாசம் வரும். இந்த ஊர்ல பொறந்ததுல இருந்து அந்த வாசத்துலதான் வளர்ந்திருக்கறேன். வண்டியை நிறுத்திட்டு நின்னு நின்னு மூச்சை இழுத்தேன். வரலை. எனக்கு அழுகை வந்துருச்சு. ஐம்பத்தாறு வயசுல நடுரோட்டுல நின்னு அழறவனைப் பார்த்தா ஊர் என்ன சொல்லும்னு ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டேன்.

டாக்டர் டார்ச் அடிச்சு ரெண்டு ஓட்டையையும் பார்த்தாரு. சில பேருக்கு வந்துரும், சில பேருக்கு நாளாகும், சில பேருக்கு வராமலே போயிரும், மனசை விட்டுராதீங்கன்னாரு. மருந்துச் சீட்டை எழுதிக்கிட்டே கேட்டாரு:

"நல்லவேளை, மூக்கு ரொம்பத் தேவைப்படற தொழில் எதுவும் பண்ணலையே நீங்க?"

காலி ஜாடி

சாந்தாமணி அன்னைக்கே சொன்னா, வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிருங்கன்னு. நான் கேக்கலை. மூக்கு போன பைப் கடைக்காரன்னு தெரிஞ்சா அப்பறம் யாரு படியேறுவா? இருபது வருசமா 'அண்ணன் மோந்து சொன்னாச் சரி'ன்னு வாங்கின பேரை ஒரு காய்ச்சலுக்கு விட்டுக் குடுக்கறதான்னு ஒரு வீறாப்பு. அதனால நடிச்சேன். பழைய பாணியிலயே கண்ணை மூடி, ஜாடிக்குள்ள மூக்கை விட்டு, நெடுமூச்சு இழுத்து, "ஆகா"ன்னு சொல்லுவேன். சொல்லிட்டு ஓரக்கண்ணால வாடிக்கைக்காரர் மூஞ்சியைப் பார்ப்பேன். புருவம் ஏறினா இனிப்பு, மூக்கு சுருங்கினா வாட்டினதுன்னு ஒரு கணக்கு. கைவிரல்ல ஈரம் பார்க்கறது இன்னும் கை குடுத்துச்சு. பைப்பு பொருத்தறதுல கொறையில்லை. வாசம் சொல்றதுதான் குருட்டாம்போக்கு.

ஜெபான்னு ஒரு பொண்ணு. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்து இங்க ஒரு கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்குது. அவங்க பயர் ஊருக்கு வர்றாரு, பைப் புடிக்கறவரு, சாம்பிள் அப்ரூவல் ஹோல்டுல கெடக்குது, நல்ல கிஃப்டா வேணும்னுச்சு. நான் அலட்டிக்காம மூணாவது ஜாடியை எடுத்தேன். கண்ணை மூடினேன். இழுத்தேன். "ஆகா, உலர்ந்த திராட்சை வாசம், பின்னால ஒரு தேன் இனிப்பு" அப்படீன்னு அளந்து விட்டேன். அந்தச் சரக்கு தீர்ந்து ஒரு வாரமாச்சு. ஜாடி ஈரம் புடிக்கக்கூடாதுன்னு துணிப் பெட்டியில போடற சிலிகா பொட்டலம் ரெண்டை நானே உள்ள போட்டு வெச்சிருந்தேன். எட்டிப் பார்த்த ஜெபா மரியாதை கொறையாமக் கேட்டுச்சு:

"அண்ணாச்சி, ஜாடில ஒண்ணுமே இல்லயே, நீங்க எதை மோந்து பாத்திய?"

ஆயுத பூசை

அதுல இருந்து தப்பிச்சேன். ஜாடி மாறிப் போச்சும்மான்னு ஒரு சிரிப்பு. ஆனா ஆயுத பூசையில இருந்து தப்பிக்க முடியலீங்க.

பூசைக்கு முந்தின நாள் ஜாடி மூடியெல்லாம் கழுவி, தொடைச்சு, சந்தனப் பொட்டு வெக்கறது வழக்கம். பேர் ஒட்டியிருக்கறது மூடியிலதான்னு சொன்னேனில்லீங்க? அத்தனை மூடியையும் ஒண்ணாக் கழுவிப்போட்டு, காஞ்சதும் ஒவ்வொரு ஜாடியா மோந்து பார்த்துச் சரியான மூடியைப் போடுவேன். இருபது வருசமா அப்படித்தான். இந்த வருசமும் கை அதே மாதிரி எல்லா மூடியையும் வாளியில போட்டுருச்சு. போட்டதுக்கப்பறம்தான் எனக்கே உறைச்சுது. நிறத்தை வெச்சுப் பாதியைக் கண்டுபுடிச்சுட்டேன். ரெண்டு ஜாடி மட்டும் தகராறு. ரெண்டும் கறுகறுன்னு அழுத்தின பட்டை. ஒண்ணு வெறகுப் புகை காட்டினது, இன்னொண்ணு சூட்டுல வேக வெச்சு இனிப்பாக்கினது. சாமி விட்ட வழின்னு மூடியைப் போட்டேன்.

பூசை முடிஞ்ச மறுநாள் பழனிசாமி வந்தாரு. இனிப்புப் பட்டைக்குன்னு வெச்சிருந்த அவரோட குறுகல் பைப்பை என்கிட்டச் சுத்தம் பண்ணக் குடுத்திருந்தாரு. சுத்தம் பண்ணின பைப்பைச் சும்மா திருப்பிக் குடுக்கறதில்லை, ஒரு தடவைக்கான புகையிலையை நானே நெரப்பிக் குடுக்கறது எங்க கடை வழக்கம். அவர் முன்னாலயே ஜாடியைத் தொறந்து, மோந்து, "ஆகா" சொல்லி, நெரப்பிக் குடுத்தேன். வாசலுக்குப் போய்ப் பத்த வெச்சாரு. ரெண்டு இழுப்பு. பைப்பை வாயில இருந்து எடுத்தாரு. குழியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. வெள்ளை ஓட்டற மெஷின்ல நான் கறுப்பை ஓட்டிட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நம்ம பக்கத்து மனுசங்களுக்குக் கோவம் முத்தினா மரியாதை கூடுமுங்க. பைப்பை மெதுவா மேசை மேல வெச்சுட்டுக் கேட்டாரு:

"காலையில சாப்பிட்டீங்களாங்ணா?"

சாந்தாமணி கடைக்கு வந்தது

அன்னைக்கு ஊட்டுக்குப் போய், "அம்மிணி, நாளைக்குச் சித்தெ கடைக்கு வந்துட்டுப் போ"ன்னேன். அவளுக்குப் புகையிலைன்னாலே ஆகாதுங்க. கடை தொறந்ததுல இருந்து மொத்தம் மூணு தடவை வந்திருப்பா, மூணுமே ஜாடியைத் திருப்பிக் கேக்கறதுக்கு. ஆனாலும் வந்தா. சேலைத் தலைப்பை மூக்குல வெச்சுட்டு ஒவ்வொரு ஜாடியாத் தொறந்தா. தலைப்பை எடுப்பா, ஒரு தடவை இழுப்பா, மறுபடியும் மூடிக்குவா. நான் பேனாவோட பக்கத்துல நிக்கறேன்.

"இது வெல்லப்பாகு பொங்கி அடுப்புல ஊத்தின வாசமுங்க." சரி, அது இனிப்புப் பட்டை. "இது ஆரோ டயர் எரிக்கறாங்க." அது வாட்டினது, சந்தேகமே இல்லை. "இது வைக்கப்போர்ல மழை பெஞ்சு மறுநாள் வெயில் அடிச்சா வருமே, அது." "இது ஒறம்பரை சொந்தபந்தம் ஊட்டுக்குப் போனா, துண்டு எடுத்துக் குடுக்கறதுக்கு அவங்க பீரோவைத் தொறப்பாங்களே, அப்ப வர்ற வாசம்." நான் இத்தனை வருசமாத் திராட்சை, தேன், ஓக் மரம்னு இங்கிலீசுப் புஸ்தகத்துல படிச்சதைச் சொல்லிட்டிருந்தேன். ஓக் மரத்தை நானும் பார்த்ததில்லை, வாங்கறவங்களும் பார்த்ததில்லை. அவ சொன்னதை அப்படியே எழுதி இந்தத் தடவை ஜாடி வயித்துலயே ஒட்டினேன். முடிச்சுட்டு, விக்கறதுக்கு வெச்சிருந்த டப்பா ஒண்ணை அவ கையில எடுத்து, அதுல போட்டிருக்கற எச்சரிக்கைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"இந்தப் படத்தைப் பார்த்தும் காசு குடுத்து வாங்கறாங்கன்னா, கெட்டுப்போனது உங்க மூக்கு மட்டுமில்லீங்க மாமா."

ஒறம்பரை ஊட்டு பீரோ

ஜெபா அந்தப் பயரையே கூட்டிட்டு வந்துருச்சுங்க. ஆறடி ஆளு, பைப்புன்னா உசுரு. நல்லவேளையா அன்னைக்குச் சாந்தாமணி கடையில இருந்தா. மூடியைச் சரிபார்த்துட்டுப் போறேன்னு வந்தவ, அப்பறம் தெனமும் பதினோரு மணிக்கு வர ஆரம்பிச்சிருந்தா. கேட்டா, ஊட்டுல சும்மாதானுங்களே இருக்கறேன்னா. அந்த மனுசன் ஜாடி ஜாடியா மோந்து பார்த்துட்டு, ஒட்டியிருக்கற சீட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டாரு. ஜெபா ஒவ்வொண்ணா இங்கிலீசுல சொல்லச் சொல்ல, அவர் சிரிச்சு, மறுபடி மோந்து, தலையாட்டி, கடைசியில ஒரு ஜாடியை விட்டு நகரவே இல்லை. அந்தச் சாம்பிள் அப்ரூவலே இதுல தொங்குதேன்னு ஜெபாவைப் பார்த்தேன். அது எனக்கு மட்டும் கேக்கற மாதிரிச் சொல்லுச்சு:

"சொந்தக்காரவுக வீட்டு பீரோன்னேன் அண்ணாச்சி, அவரு பெரியம்மா வீட்டுலயும் அதே வாசமாம், ரெண்டு டப்பா கட்டச் சொல்லுதாரு."

ரெண்டு துணி

பழனிசாமி பைப்பைக் கல்லுப்பும் ஸ்பிரிட்டும் போட்டு ரெண்டு தடவை ஊற வெச்சேன். டயர் வாசம் போச்சுன்னு சாந்தாமணி சொன்னதுக்கப்பறம், எடுத்துட்டு மண்ணரைங்கற ஊர்ல இருக்கற அவர் பட்டறைக்கே போனேன். பைப்பை மேசையில வெச்சேன். "அண்ணா, எனக்கு மூக்கு போய் நாலு மாசமாச்சுங்க. உங்ககிட்ட நடிச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் ஆச்சரியப்படலை. "அன்னைக்கே தெரியுமுங்ணா. ஜாடியை மோந்துட்டு நீங்க புகையிலையைப் பார்க்கலை, என்ற மூஞ்சியைப் பார்த்தீங்க." எந்திரிச்சு என்னை லேப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க நிறம் சரிபார்க்கற வெளிச்சப் பெட்டி இருந்துச்சு. ரெண்டு துண்டுத் துணியை அதுக்குள்ள வெச்சாரு. கதவைச் சாத்தினாரு. "இதுல எது பச்சைங்ணா?" "இடது கைப்பக்கம் பச்சை, வலது பக்கம் மெரூன்." "எனக்கு ரெண்டும் சேறு மாதிரி ஒரே நெறந்தானுங்க. பொறந்ததுல இருந்தே அப்படித்தான்."

சாயப்பட்டறை மொதலாளிங்க! முப்பது வருசமா ஷேடு ஓகே பண்ணி ஆர்டர் அனுப்பறவரு. எப்படீங்கன்னேன். அவர் துணியைக் கையில எடுத்து, கண்ணைச் சுருக்கி, ரொம்ப யோசனையாப் பார்த்தாரு. அப்படியே ஓரக்கண்ணு என்ற பக்கம் வந்துச்சு. நான் ஜாடியை வெச்சுப் பண்ணின அதே கூத்து, அச்சு அசலா. நிறம் பார்க்கும்போது பக்கத்துல நிக்கற லேப் மாஸ்டர் புருவத்தை ஏத்தினா ரிஜெக்ட்டு, தாடையைச் சொறிஞ்சா ஓகே. மாஸ்டருக்கு மட்டும் விசயம் தெரியும். அந்த மாஸ்டர் வேலையை விட்டுப் போயிருவாரோன்னு அவர் ஊட்டுக் காதுகுத்துக்குக்கூட முதல் ஆளாப் போய்ப் பந்தியில நிக்கறாராம். சிரிச்சோம் ரெண்டு பேரும். சிரிச்சு முடிச்சதும் மூஞ்சியைத் தொடைச்சுட்டுச் சொன்னாரு:

"நான் வெளிய சொன்னா ஆர்டர் போயிரும், இத்தனை குடும்பம் இருக்குது, என்னால முடியாது. உங்களை ரெண்டு பேர் திட்டுவாங்க, அவ்வளவுதானுங்களே. நீங்களாச்சும் சொல்லிப்போட்டு நிம்மதியா இருங்ணா."

அட்டை

மறுநாள் அட்டையில எழுதி மேசை மேல வெச்சேன்: 'கடைக்காரருக்கு வாசனை தெரியாது. பைப் பொருத்தித் தருவது அவர். புகையிலை மோந்து சொல்வது அவர் மனைவி.' சாந்தாமணி பக்கத்துல நின்னு எழுத்துப்பிழை பார்த்தா.

முதல்ல படிச்சவர் வேலம்பாளையத்துல கம்பெனி வெச்சிருக்கறவரு, பன்னெண்டு வருச வாடிக்கை. ரெண்டு தடவை படிச்சாரு. மூஞ்சி செவந்துபோச்சு. "ஆடி மாசம் எனக்கு ஒரு புதுப் புகையிலை குடுத்தீங்களே, வெனிலா வாசம்னு. அதையும் மோந்து பார்க்காமத்தான் சொன்னீங்களா?" ஆமாங்கன்னேன். சாப்பிட்டீங்களான்னுகூடக் கேக்காம எறங்கிப் போயிட்டாரு. பத்து நாள் வரலை. நான் அட்டையை எடுத்துரலாம்னு ரெண்டு தடவை கையை நீட்டினேன். ரெண்டு தடவையும் சாந்தாமணி என்ற கையைத் தட்டி விட்டா. "போறவங்க போகட்டும். பொய் சொல்லி நிறுத்தி வெச்சு என்ன பண்றதுங்க?" அப்படீன்னா.

பதினோராம் நாள் அந்த மனுசன் வந்தாரு. கையில அதே டப்பா. நான் எந்திரிச்சு நின்னேன். என்னைத் தாண்டி நேரா சாந்தாமணி முன்னால வெச்சாரு. "அக்கா, இதைச் சித்தெ மோந்து சொல்லுங்க. என்ன வாசம்?" தலைப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தா. "வெனிலா எங்கீங்க இருக்குது? சுட்ட கருப்பட்டி. நல்லாத் தெரியுதுங்களே." அவர் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. அப்பறந்தான் சொன்னாரு. ஆடியில நான் வெனிலான்னு சொல்லிக் குடுத்தேன். அவர் ஊட்டுக்குப் போய்ப் பத்த வெச்சா கருப்பட்டி வாசம். அண்ணன் சொன்னா தப்பா இருக்காதுன்னு அவர் என்னைச் சந்தேகப்படலை, தன்ற மூக்கைச் சந்தேகப்பட்டிருக்காரு. நாலு மாசமா மூணு டாக்டர். ஸ்கேன்கூட எடுத்திருக்காரு. எங்க போனாலும் ஒண்ணுமில்லைன்னு அனுப்பி வெச்சிருக்காங்க. என்ற பேரு கெட்டுரக்கூடாதுன்னு நான் சொன்ன ஒரு பொய்யில, நல்ல மூக்கு இருக்கற மனுசன் ராத்திரி தூங்காம இருந்திருக்காரு. எனக்கு அந்த எடத்துலயே குறுகிப் போச்சுங்க. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்ற கையைப் புடிச்சு எறக்கி விட்டுட்டு, அவ பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிட்டாரு.

"நீங்க உக்காருங்ணா, இனி நான் அக்காகிட்டயே கேட்டுக்கறேன்."

கடை என்ற பேர்ல இருக்குது, மூக்கு அவ மூஞ்சியில இருக்குது, வாடிக்கைக்காரங்களும் அவ பக்கம் போயிட்டாங்க, எனக்குன்னு மிச்சம் இருக்கறது காலையில ஷட்டரைத் தூக்கற வேலை ஒண்ணுதானுங்க, அதையும் சத்தம் வராமத் தூக்கச் சொல்லியிருக்கறா.